தளபதியின் இரண்டு காதுகள்

உடைந்த சிலையின் துண்டுகளை ஞானபூரணம் ஜமுக்காளத்தின் மேல் வரிசையாக அடுக்கி முடித்தபோது, மணி பன்னிரண்டைத் தாண்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. பாதம் பாதத்தின் இடத்தில், முழங்கால் முழங்காலின் இடத்தில், கவசத்தின் செதில்கள் மார்பின் இடத்தில் என்று, மல்லாந்து உறங்கும் மனிதரைப் போலத் தளபதி மீண்டும் உருவாகியிருந்தார். பத்து விரல்களும் இருந்தன. மூக்கு இருந்தது. மீசையின் இரு நுனிகளும் இருந்தன.

“பாய், காது ரெண்டையும் காணோம்,” என்றாள் ஞானபூரணம்.

பக்கத்தில் குந்தியிருந்த ரிபாயி, தாமும் ஒருமுறை தலைமாட்டில் தேடிப் பார்த்தார். “இல்லாம இருந்ததே நல்லதுதான் மேடம். காலையிலேருந்து இந்தக் கடையில பேசுத பேச்சைக் கேட்டிருந்தா, மனுசன் எழுந்திருச்சு சீனாவுக்கே நடந்து போயிருப்பாரு.”

ரிபாயி இருபத்தாறு ஆண்டுகள் சங்கரன்கோவில்–திருநெல்வேலித் தடத்தில் தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநராக இருந்தவர். வேலையை விட்ட அன்று பையையும் விசிலையும் முதலாளியிடம் திருப்பிக் கொடுத்தார். வாயை மட்டும் கொடுக்கவில்லை. அந்த வாயைப் பொறுத்துக்கொண்டு அவரை உதவியாளராக வைத்திருப்பதற்கு ஞானபூரணத்திடம் ஒரே காரணம்தான் இருந்தது. ஒருமுறை பார்த்த முகத்தையும், அது ஏறிய நிறுத்தத்தையும் அவர் மறப்பதே இல்லை. அவளோ நீதிமன்றப் பதிவறையில் பதினெட்டு ஆண்டுகள் கோப்புகளோடு வாழ்ந்துவிட்டு, துப்பறியும் அலுவலகம் திறந்தவள். ஒரு தாள் இடம் மாறியிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. இங்கே இரண்டு காதுகள் இடம் மாறியிருந்தன.

அந்த இடம், பாத்திர வியாபாரி சாம்ராஜ் சங்கரன்கோவிலின் ராஜபாளையம் சாலையில் புதிதாகத் திறந்திருந்த மூன்று மாடிக் கடையின் தரைத்தளம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தைக் கடைக்குள் இழுப்பதற்காக, கூடத்தின் நடுவே செவ்வகமாகப் பள்ளம் பறித்து, அதில் சீனத்து மண் வீரர்களை நாலு வரிசையாக அவர் நிறுத்தியிருந்தார். முப்பத்தொன்பது பேர் சென்னையிலிருந்து லாரியில் வந்த பிளாஸ்டர் பொம்மைகள். நாற்பதாவது ஆள்தான் தளபதி. கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கு வெளிச்சத்தில், படைக்கு முன்னால் நின்றவர். சீனத்தின் முதல் பேரரசனுடைய கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட படையைச் சேர்ந்த அசல் தளபதி என்றும், வயது இரண்டாயிரத்து இருநூறு என்றும் வாசலில், நுழைவு டிக்கெட் கிழிக்கும் இடத்தில், பலகை சொன்னது. உழவர்கள் சிலர் கிணறு தோண்டும்போதுதான் அந்தப் படை முதன்முதலில் அகப்பட்டது என்ற செய்தியும் அதில் இருந்தது. அதைப் படித்த திருவேங்கடத்துக் கரிசல்காட்டுக்காரர் ஒருவர், அங்கே தோண்டினால் பட்டாளம் வருகிறது, நமக்குத் தோண்டினால் பாறைதான் வருகிறது என்று சலித்துக்கொண்டு போனதாகக் கேள்வி.

அன்று காலை ஆறரை மணிக்கு, சாம்ராஜின் மனைவியுடைய தம்பியும், கடையின் மேலாளரும், பெருந்தொகை வாங்கிக்கொண்டு தளபதியைத் தருவித்துக் கொடுத்தவனுமான ஆனந்தகுமார் முன்கதவைத் திறந்தபோது, பெட்டியின் கதவு திறந்திருக்க, தளபதி தரையில் நொறுங்கிக் கிடந்தார். அருகில், கையில் விளக்குமாற்றோடு மாரித்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவள் கடை கூட்டுகிறவள். பக்கவாட்டுக் கதவின் சாவி அவளிடம் இருந்தது. ஆறு மணிக்கே வந்துவிடுவாள். ஆனந்தகுமார் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. ஏழு மணிக்குள் சாம்ராஜ் தீர்ப்பெழுதிவிட்டார். உடைத்தவள் மாரித்தாய், உடைக்கச் சொன்னவன், எதிர்வரிசையில் கடை வைத்திருக்கும் யாரோ ஒரு போட்டிக்காரன். அந்தப் பெயரை வாங்கத்தான் ஞானபூரணம் வரவழைக்கப்பட்டிருந்தாள். நாலு மணிக்குச் சப்-இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி வந்து எழுத்துப் புகாரை வாங்கிக்கொள்வார். மாரித்தாய் ஜீப்பில் ஏறுவாள்.

சாம்ராஜ் மாடிப்படியில் நின்றபடியே, ஜமுக்காளத்தை வெறுப்போடு பார்த்தார். அறுபது வயதிலும் குனியாத முதுகு அவருக்கு. குனிந்து பேசிப் பழகாததால் வந்த முதுகு.

“அவ உடைச்சது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டவன் யாருன்னு அவ வாயில இருந்து ஒரு பேரை வாங்கித் தாரதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பொம்மையை ஜோடிச்சு விளையாட இல்ல.”

ஞானபூரணம் எழுந்து சேலைக் கொசுவத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். கீழே விழுந்த பொருள் எந்த இடத்தில் அடிபடுகிறதோ அந்த இடத்தில் உடையும் என்றும், தளபதியின் உடல் அப்படித்தான் பெரிய பெரிய துண்டுகளாக உடைந்திருக்கிறது என்றும் நிதானமாக எடுத்துச் சொன்னாள். தலையின் கதை வேறு. மூக்கையும் மீசையையும் தவிர மற்றவை மிளகளவுக்கு நொறுங்கியிருந்தன. தலை கிடந்த இடத்தில் தரை ஓட்டின் மேல் ஏழெட்டு வெள்ளைத் தழும்புகள், ஒரே கைப்பிடி அகலத்துக்குள். யாரோ முழங்காலிட்டு உட்கார்ந்து, தலையை மட்டும் சுத்தியலால் இடித்திருக்கிறார்கள்.

“அப்ப வேணும்னேதான் உடைச்சிருக்கா,” என்றார் சாம்ராஜ். “ரொம்ப நல்லது. அதையும் புகார்ல சேர்த்துக்கிடுதேன்.”

ஆனந்தகுமார் குறுக்கே வந்தான். நாற்பது வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. காதைத் தேடி என்ன ஆகப்போகிறது, கூட்டி அள்ளிச் சாக்கடையில் போட்டிருப்பாள் என்றான். குப்பைக்கூடை காலையிலிருந்து காலியாகவே இருப்பதையும், விளக்குமாற்றில் ஒரு மண்துகள்கூட ஒட்டவில்லை என்பதையும் ஞானபூரணம் அவனுக்குக் காட்டினாள். அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, வேலையில்லாதவர்களுக்குக் கடைக்குள் நாற்காலி போடக் கூடாது என்று, யாரிடமோ சொல்வதைப் போலச் சுவரிடம் சொன்னான்.

“நாங்க நின்னுக்கிட்டே வேலை பாத்தவங்க சார்,” என்றார் ரிபாயி. “அதுவும் ஓடுத வண்டியில.”

*

தளபதியின் காதுகளால் இவ்வுலகில் யாருக்கு என்ன பயன்? அதைக் கேட்பதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். பழங்கால மண்பொருள்களை ஆராய்கிற ஜாய்ஸ் என்ற அம்மையார், வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்து தளபதியைச் சோதித்து, ஊரறியச் சான்று வழங்குவதாக ஏற்பாடு. விளம்பரத் துண்டுத்தாளில் அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் பணிபுரிகிற இடத்தின் எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு ஞானபூரணம் கடைவாசலுக்கு வந்தாள்.

சாலை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கோவிலைச் சுற்றிவரும் ஆடிச்சுற்றை வேண்டிக்கொண்டவர்கள், நூற்றெட்டுச் சுற்றில் பாதியில் இளைப்பாற வந்து, கடையின் நிழலில் வெறுங்காலோடு நின்றார்கள். நிழலை அடைத்துக்கொண்டாள் என்று ஒரு பெண்மணி ஞானபூரணத்தை முறைத்தாள். அவள் ஒதுங்கி நின்று எண்களை அழுத்தினாள்.

மறுமுனையில் ஜாய்ஸ் முதல் வார்த்தையிலேயே சீறினார். சங்கரன்கோவில் என்ற பெயரைக் கேட்டாலே தமக்கு எரிச்சல் வருகிறது என்றார். பக்கவாட்டில் எடுத்த படத்தை மூன்று முறை கேட்டும் மூன்று முறையும் முகத்தை நேராக எடுத்த படத்தையே அனுப்பினார்களாம். அந்தப் படையில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருந்தாலும், ஒருவர் காதைப் போல இன்னொருவர் காது இருப்பதில்லை. ஆகவே தாம் எந்தச் சிலைக்கும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதைத்தான் பார்ப்பது வழக்கம் என்றார். நேற்று மாலை ஆறு மணிக்குக் கடைசியாகக் கண்டிப்போடு கேட்டிருக்கிறார். இரண்டு காதுகளும் தனித்தனியே, கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டேன்.

யாருடைய எண்ணுக்கு அந்தச் செய்தி போனது என்று ஞானபூரணம் கேட்டாள். ஆனந்தகுமாரின் எண்ணுக்கு.

“காலையில அனுப்புறேன்னு பதில் போட்டார்,” என்றார் ஜாய்ஸ். “காலையில சிலையே இல்லைங்கறீங்க. என்னை என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க நீங்கள்லாம்?”

இணைப்பு அறுந்தது. ஞானபூரணம் கேட்டதையெல்லாம் ரிபாயியிடம் சொன்னாள்.

“அப்ப இவன்தான்,” என்றார் அவர். “காதைக் கேட்டதுக்குத் தலையையே இடிச்சிட்டான். காதுல என்ன வச்சிருந்தான் மேடம், எழுதி ஒட்டியிருந்தானா, கள்ளச் சிலைன்னு?”

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. கைப்பேசிச் செய்தி ஒரு காரணத்தைக் காட்டுமே தவிர, குற்றத்தைக் காட்டாது. காதுகள் கிடைத்தால்தான் அவற்றில் என்ன இருந்தது என்பது தெரியும். அவனிடம்தான் இருக்குமோ என்று தொடங்கிய யோசனை, கூடத்துக்குள் திரும்பிய கணத்தில் அடிபட்டுப் போனது. ஆனந்தகுமார் கண்ணாடிப் பெட்டியின் மேடைக்கு அடியில், தரையில் கன்னம் படும்படி குனிந்து, கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையில், முழங்கால் இரண்டிலும் செம்மண் வட்டம் இருந்தது.

ஞானபூரணம் அவனைக் கடந்து போனாள். உடைத்தவனும் காதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறான். அப்படியானால், அவன் உடைத்துவிட்டுப் போன பிறகு அவற்றை எடுத்தவர் வேறொருவர். அந்த நேரத்தில் கூடத்தில் இருந்தவள் ஒரே ஒருத்திதான்.

*

மாரித்தாயைச் சரக்கறையில் உட்கார வைத்திருந்தார்கள். குக்கர் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்த அந்த அறையில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, மடியில் ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு அவள் இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்த பார்வையில் பயத்தைவிடப் பகைதான் மிகுதியாக இருந்தது.

“உடைச்சேன்னே எழுதிக்கிடுங்க,” என்றாள். “ஆளை விடுங்க.”

பதிவறையில் பல்லாயிரம் வாக்குமூலங்களைப் படித்தவள் ஞானபூரணம். செய்தவர்கள் மறுத்ததையும், செய்யாதவர்கள் அழுததையும் படித்திருக்கிறாள். செய்யாத ஒருத்தி இவ்வளவு அவசரமாகக் குற்றத்தை ஏற்றால், அதற்குப் பின்னால் மறைக்க வேண்டிய பெரிதொன்று இருக்கும். என்ன கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், மாரித்தாய் அந்த ஒரு பதிலையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

கதவருகே நின்ற ரிபாயி அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீ பனவடலிசத்திரத்துல ஏறுதவல்லா? சூளைக்காரக் கணேசன் வீட்டுக்காரிதான?”

அவள் பெட்டிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரிபாயிக்கு அது பொருட்டாகவும் இல்லை. அவர் ஞானபூரணத்தின் பக்கம் திரும்பிக் கதை சொல்லத் தொடங்கினார். கணேசன் செங்கல் சூளை வைத்திருப்பவர். கோவில் கொடைத் திருவிழா வந்தால் சுடலைமாடன், முண்டன் என்று ஆளுயரச் சாமிச் சிலைகளும் செய்து சுட்டுக் கொடுப்பார். ஒருதடவை மாடனைப் பேருந்தில் ஏற்றிச் சன்னலோரத்தில் உட்கார்த்திவிட்டார். சாமிக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னதற்குச் சண்டைக்கு வந்தார். நேற்றுப் பிறந்த சாமிக்கு அரை டிக்கெட்தான் தருவேன் என்றார்.

“நான் விடுதேனா? காது குத்தியாச்சுல்லா, பெரிய ஆளுதான், முழு டிக்கெட் எடுமய்யான்னேன். எடுத்தாரு.”

ஞானபூரணம் நிமிர்ந்தாள். “சிலைக்குக் காது குத்தியிருந்ததா?”

“அவரு செய்யுத எல்லாச் சாமிக்கும் உண்டு மேடம். மண்ணு ஈரமா இருக்கும்போதே ஈர்க்கு வச்சுக் குத்தி எடுத்திருவாரு. இல்லைன்னா, கடுக்கன் போடுதேன்னு நேர்ந்துக்கிட்டவங்க கொடையன்னைக்கு எங்கன கொண்டுபோய் மாட்டுவாங்க? அதனால யாரு சிலைன்னாலும் குத்திருவாரு. கை தன்னால போயிரும்போல.”

மாரித்தாயின் விரல்கள் தூக்குவாளியின் மூடியை இறுகப் பற்றின. இரண்டு மணி ஆகியும் அவள் அந்த வாளியைத் திறந்து ஒரு வாய் உண்ணவில்லை என்பது அப்போதுதான் ஞானபூரணத்துக்கு உறைத்தது.

ஞானபூரணம் எழுந்து கூடத்துக்கு வந்து பள்ளத்தில் இறங்கினாள். வரிசை வரிசையாக நின்றவர்களின் இடையே புகுந்து, ஒவ்வொருவர் தலையையும் இருபக்கமும் பார்த்தாள். அசலைப் பார்த்து அச்செடுத்த பொம்மைகள் அவை. முப்பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் காதுமடலில் துளை இல்லை. சீனத்தின் பேரரசன் தன் படைக்குக் காது குத்தவில்லை.

எவ்வளவு எளிய பிழை என்று அவள் வியந்தாள். துளையிட்ட கைக்கு அது பிழையாகத் தெரியவில்லை. சிலையை வாங்கிவந்தவனுக்கும், கடையில் நிறுத்திக் காட்டியவருக்கும், பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்த ஊருக்கும் தெரியவில்லை. பிறந்த குழந்தைக்கு மடியில் வைத்துக் காது குத்துகிற சீமையில், துளையில்லாத காதுதான் கண்ணில் உறுத்தும். நேற்று மாலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து ஓர் அம்மையார் காதைக் கேட்ட பிறகே, ஆனந்தகுமார் முதன்முதலாகத் தன் தளபதியின் காதைப் பார்த்திருக்கிறான்.

சரக்கறைக்குத் திரும்பிய ஞானபூரணம், வாளியைத் தரும்படி கையை நீட்டினாள். அதில் சோறு இருக்கிறது என்று மாரித்தாய் பின்னுக்கு நகர்ந்தாள். நகர்ந்த அசைவில் உள்ளே ஓட்டோடு ஓடு உரசிற்று.

பிறகு மாரித்தாயே மூடியைத் திறந்தாள். சோற்றின் மேல் விரித்த வாழையிலைத் துண்டில், இரண்டு காதுகளும் சேதமில்லாமல் இருந்தன. காலையில் அவள் வந்தபோது யாரோ பின்வாசல் வழியாக ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். தரையில் கிடந்த காதை எடுத்துப் பார்த்ததும் அது யார் கைவேலை என்று தெரிந்துவிட்டது. ஈர்க்குத் துளை, மடலுக்குப் பின்னால் கணேசன் அழுத்திய பெருவிரல் பள்ளம். அந்தப் பொம்மையை அவள் சூளையில் பார்த்ததில்லை. பெட்டிக்குள் இருந்தவரை, தலைப்பட்டையின் நிழலில், துளையும் தெரிந்ததே இல்லை.

“வேன்ல ஒருத்தர் வந்து போட்டோவைக் காமிச்சு, தோரண வாசலுக்குப் பட்டாளத்தான் பொம்மை வேணும்னாரு. செஞ்சு குடுத்தாக. அது இங்கன வந்து நிக்கின்னு அவுகளுக்குத் தெரியாது. நான் உடைச்சேன்னா என் வேலைதான் போகும். கள்ளச் சிலை செஞ்சாகன்னா அவுகளையில்லா கொண்டுபோவாக?”

“ஏமாத்தணும்னு நினைச்சுச் செய்யுதவன், போட்டோவுல இல்லாத துளையைப் போடுவானா மாரித்தாய்?” என்று கேட்டாள் ஞானபூரணம். “அச்சு அசலா அப்படியேதான் செஞ்சிருப்பான். உன் வீட்டுக்காரர் கள்ளத்தனமாச் செய்யல்லங்கிறதுக்கு இந்தத் துளைதான் சாட்சி. இதை ஒளிச்சு வச்சா ரெண்டு பேரும் மாட்டுவீய.”

மாரித்தாய் வாளியையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வாளியைக் கொடுத்தாள்.

*

சப்-இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி நாலு மணிக்குச் சரியாக வந்தார். தபசுப் பந்தோபஸ்தை விட்டுவிட்டு வந்திருப்பதாகவும், கால்மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் இருக்க முடியாது என்றும் வாசலிலேயே அறிவித்தார். மாரித்தாயைக் கொண்டுவந்து கல்லாவின் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெயர் கிடைத்ததா என்று சாம்ராஜ் கேட்டார்.

ஞானபூரணம் மூடிய தூக்குவாளியைக் கல்லாவின் மேல் வைத்தாள். தளபதியின் காதுகள் இரண்டும் உடையாமல் கிடைத்துவிட்டன என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். எங்கே கிடைத்தன, எப்படியிருக்கின்றன என்பதைச் சொல்லவில்லை.

ஆனந்தகுமாரின் நாக்கு அவனை முந்திக்கொண்டது. “அதுல இருக்குத ஓட்டை பிறகு போட்டது. இவதான் கம்பியை வச்சுக் குத்தியிருப்பா.”



“வாளியை இன்னும் திறக்கவே இல்லையே சார்,” என்றார் ராஜேஸ்வரி.

ரிபாயி மூடியைத் திறந்தார். ஞானபூரணம் நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக, கோப்பைப் புரட்டுவதைப் போல வாசித்தாள். நேற்று மாலை வந்த செய்தி, தரைத் தழும்புகள், முழங்கால் மண், துளையில்லாத முப்பத்தொன்பது பேர், பனவடலிசத்திரத்துச் சூளை. வேனில் வந்தவர் யாரென்று கணேசன் நேரில் அடையாளம் காட்டுவார் என்றும் சொல்லி முடித்தாள். ஆனந்தகுமார் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

சாம்ராஜ் காதுகளைக் கையில் எடுத்தார். ஒரு துளையில் சுண்டுவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்தார். ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றியவன்மேல் பாய்வார் என்று ஞானபூரணம் காத்திருந்தாள். அவளுடைய கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நின்றது.

சாம்ராஜ் காதுகளைத் தரையில் போட்டார். செருப்புக் குதிகாலை வைத்து, முதலில் ஒன்றையும் பிறகு மற்றொன்றையும் மாவாகத் தேய்த்தார்.

“இப்பச் சொல்லுங்க, காது எங்க?” என்றார். “என் தளபதி அசல். இந்த ஊரே வந்து பாத்துட்டுப் போயிருக்கு. சாம்ராஜ் சொந்த மச்சினன்கிட்டயே ஏமாந்தான்னு ஒரு பய வாயால வரக் கூடாது. எழுதுங்கம்மா, உடைச்சது இவதான்.”

மாரித்தாய் ஞானபூரணத்தைப் பார்த்தாள். உன்னை நம்பிக் கொடுத்தேனே என்று அந்தப் பார்வை சொல்லிற்று. மனிதர்களுக்குப் பொருளைவிடப் பெயர் பெரிது என்பதைத் தெரிந்தும் மறந்த பிழை அவளுடையது. பிழையை ஒப்புக்கொள்ள ஒரு மூச்சு. திருத்த அடுத்த மூச்சு. அவள் ராஜேஸ்வரியின் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவிச் சாம்ராஜின் முன் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தாள்.

“புகாரை நீங்களே உங்க கையால எழுதுங்க அண்ணாச்சி. உடைஞ்சது என்ன பொருள்னு முதல் வரியில வரணும். அசல் சீனச் சிலைன்னா, அது எந்தத் துறைமுகத்துல வந்து இறங்கிச்சு, சுங்கத்துல குடுத்த ரசீது எங்கன்னு ரெண்டாவது வரியில வரணும். அந்த நாட்டுக்காரன் ஒரு விரலைக்கூட வெளிய விக்கமாட்டான். அசல்னு எழுதினா, கடத்தல் சாமானைக் கடையில வச்சிருந்தேன்னு நீங்களே கையெழுத்துப் போடுதீய. போலின்னு எழுதினா, டிக்கெட் கிழிச்சு ஊரை ஏமாத்தினேன்னு கையெழுத்துப் போடுதீய. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

சாம்ராஜ் ராஜேஸ்வரியைப் பார்த்தார். இரண்டில் எதை எழுதினாலும் இன்றைக்கே நடவடிக்கை எடுக்கத் தாம் தயார் என்றும், பத்து நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது என்றும் ராஜேஸ்வரி சொன்னார். குரலில் யார்மீதும் இரக்கமில்லை.

பேனாவின் நுனி தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

“வண்டி கிளம்பப் போகுது அண்ணாச்சி,” என்றார் ரிபாயி மெதுவாக. “எங்க இறங்கணும்னு சொல்லிட்டா நல்லது.”

சாம்ராஜ் அவரைக் கொன்றுவிடுவதைப் போலப் பார்த்தார். பிறகு குனிந்தார். காட்சிக்கு வைத்திருந்த மண்பொம்மை ஒன்று தவறி விழுந்து உடைந்துபோயிற்று என்றும், அது குறித்துத் தமக்கு யார்மீதும் புகார் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். மண்பொம்மை என்ற சொல்லை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. ராஜேஸ்வரி வாசித்துப் பார்த்துக் கோப்பில் செருகினார். மச்சினனை ஏறிட்டும் பார்க்காமல், நீ மேலே வா என்று மட்டும் சாம்ராஜ் சொன்னார். அந்த மூன்று சொற்களில், வரப்போகிற பல ஆண்டுகளின் பகை இருந்தது. ஆனந்தகுமார் படியேறினான்.

மாரித்தாய் ராஜேஸ்வரியின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எம் பேரு அதுல இருக்கா?”

“இல்லை.”

“எம் புருசன் பேரு?”

“அதுவும் இல்லை. வழியை விடும்மா.”

அவள் விலகினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெறும் சோறு மட்டும் மீந்திருந்த வாளியை மூடிக் கையில் எடுத்தாள்.

படியில் கால் வைத்த சாம்ராஜ், திரும்பிப் பாராமலே, ஆண்டுக்கணக்கான பழக்கத்தில், தரையில் கிடந்த செம்பொடியைக் காட்டிக் கையை அசைத்தார்.

“இதைக் கூட்டி அள்ளிட்டுப் போ.”

மாரித்தாய் பக்கவாட்டுக் கதவின் சாவியைப் புடவைத் தலைப்பிலிருந்து அவிழ்த்துக் கல்லாவின் மேல் வைத்தாள்.

“அது ரெண்டாயிரத்து இருநூறு வருசத்துச் சாமான் அண்ணாச்சி,” என்றாள். “நான் தொட மாட்டேன்.”